மருந்து கேட்குதா?

காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறோம். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாம் கேட்கும் முதல் கேள்வி, “மருந்து கேட்குதா?” என்பதுதான். நோய்க்குக் காது இருப்பது போலவும், மருந்து அதனிடம் ஏதோ சொல்வது போலவும், நோய் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுகிறதா என்று நாம் விசாரிப்பது போலவும் ஒரு பேச்சு. தென்காசிப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு இது நாக்கில் ஊறிய சொல். அதற்குள் எவ்வளவு பெரிய கேள்வி இருக்கிறது என்று புரிவதற்குள் பாதி வாழ்க்கை போய்விட்டது.

இருபது ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரமாகத் தலையைத் திருப்ப முடியவில்லை. பேரருவிக்குப் போகும் வழியில், எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி, பிடரியிலிருந்து தோள்வரை கட்டைவிரலால் அழுத்தி இழுத்தார். கண்ணில் நீர் வந்தது. வலியும் சுகமும் கலந்த நீர்.

“நாலு நாள் தேச்சுக் குளிங்க அண்ணாச்சி. பிடிப்பு, மூட்டுவலி, தலைநீர் எல்லாம் கேக்கும்.”

“எப்படிச் சொல்லுதீக?”

“முப்பது வருசமாத் தேய்க்கேன். வாரவுக எல்லாரும் நல்லாக் கேக்குதுன்னுதான் சொல்லுதாக.”

“கேக்காதவுக?”

விரல்கள் ஒரு நொடி நின்றன. “கேக்காதவுக எதுக்கு அண்ணாச்சி மறுபடி எங்கிட்ட வாராக?” என்றார்.

அவர் யோசித்துச் சொன்ன பதில் அது. அதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆனால் மருத்துவ உலகம் பல நூறு ஆண்டுகள் தடுக்கி விழுந்த பள்ளத்தை அந்தப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் காட்டிவிட்டார். குணமானவர்கள் திரும்பி வந்து நன்றி சொல்வார்கள். குணமாகாதவர்கள் வேறு வைத்தியரைத் தேடிப் போவார்கள்; சிலர் எங்கேயும் போக முடியாத இடத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே, எந்த வைத்தியரின் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தாலும், அவருடைய மருந்து எல்லோருக்கும் கேட்பதாகத்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு வந்து சேரும் செய்தியே பாதிச் செய்தி.

என் கழுத்துவலி நான்காம் நாள் போய்விட்டது. எண்ணெயால் போயிற்றா, அருவியால் போயிற்றா, வேலையை விட்டு நாலு நாள் சும்மா இருந்ததால் போயிற்றா? தசைப்பிடிப்பு பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் தானாகவே விட்டுவிடும். வலி உச்சத்துக்குப் போகும்போதுதான் நாம் மருந்தைத் தேடிப் புறப்படுகிறோம். உச்சத்துக்குப் போனது அடுத்து இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தில் நம் கையில் எந்த மருந்து இருக்கிறதோ, அதற்குப் புகழ் போய்ச் சேருகிறது.

குற்றாலத்தில் வலியும் தைலமும் சாமியையே விடவில்லை. திருமாலாக நின்ற மூர்த்தியின் தலையில் அகத்தியர் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார், அந்த அழுத்தத்தால் வந்த தலைவலி தீரத்தான் குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள் என்பது ஊர் நம்பிக்கை. தலைவலிக்காரர்கள் அந்தத் தைலத்தைப் பிரசாதமாக வாங்கிப் போவார்கள். சாமிக்கும் வலிக்கும், அதற்கும் ஒரு கை எண்ணெய் வைக்க வேண்டும் என்று நினைத்த மனசு எனக்குப் பெரிதாகவே தெரிகிறது. அருவியில் நிற்கும் இன்பத்துக்கு எந்தச் சான்றும் தேவையில்லை. தலையில் தண்ணீர் இடிபோல் இறங்கும்போது உலகம் மறக்கிறதே, அது போதும். ஆனால் ‘இதைச் செய்தால் இந்த நோய் தீரும்’ என்று இன்னொருவரிடம் சொல்லும் கணத்தில் நமக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அந்தச் சொல்லை நம்பி அவர் பணம் செலவழிப்பார், நாள் செலவழிப்பார், சில நேரம் உயிரையே செலவழிப்பார்.

எனக்கு ஒன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கண் முழுக்க மஞ்சள். ஆச்சி விடியற்காலையில் வயல் வரப்புக்குப் போய்க் கீழாநெல்லி பறித்து வருவாள். இலைக்காம்பின் அடியில் கடுகு கடுகாகக் காய் தொங்குகிறதா என்று திருப்பிப் பார்த்துத்தான் பறிப்பாள். அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பாள். “குடிச்சிருடே, கசக்கத்தான் செய்யும்” என்று தொண்டையைத் தடவிவிடுவாள். உப்பில்லாப் பத்தியம். இரண்டு மூன்று வாரத்தில் கண் தெளிந்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாருக்குக் காமாலை என்றாலும் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

பின்னாளில் தெரிந்துகொண்டேன். குழந்தைகளுக்கு வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ என்ற வைரசால் வருவது. அது சில வாரங்களில் உடம்பே தீர்த்துக்கொள்ளும் நோய். கீழாநெல்லி கொடுத்தவர்களும் குணமானார்கள், கொடுக்காதவர்களும் குணமானார்கள். அப்படியானால் என் சாட்சி செல்லுமா?

இந்தக் கேள்வியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் முறையாகவே கேட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது எளிதில் போகாத ஹெபடைடிஸ் பி. அந்தக் கிருமியை உடம்பில் சுமப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள். மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத குளிகை. கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, மற்றவர்களில் 4 சதவீதம் பேருக்கே மறைந்தது என்று 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆச்சி அரைத்த பச்சிலை லண்டன் பத்திரிகையில் ஏறிவிட்டது என்று எண்ணும்போது இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வேறு நாடுகளில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டவர்களுக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறு, மண் வேறு, பறித்த பருவம் வேறு என்றெல்லாம் விவாதம் நடந்தது. 2011இல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற அமைப்பின் குழு, நம்பிச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை, இன்னும் நல்ல ஆய்வுகள் வேண்டும் என்று எழுதியது. பொய் என்று அது சொல்லவில்லை. இன்னும் சரியாகக் கேட்டு முடிக்கவில்லை என்றது.

சரியாகக் கேட்பது எப்படி? இதற்கு நம் கோயில்களிலேயே ஒரு வழி இருக்கிறது. கல்யாணமோ நிலமோ, மனசு இரண்டு பக்கமும் இழுக்கும்போது பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொதியில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ, இரண்டையும் ஒரே மாதிரி இலையில் பொதிந்து சாமி முன்னால் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பொதிக்குள் என்ன இருக்கிறது என்று எடுப்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. தன் ஆசை உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்காகவே அத்தனை ஏற்பாடு. மருத்துவ ஆய்வின் உயிர்நாடியும் அதுதான். யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய முறை என்பதை டாக்டர் தீர்மானித்தால், அவர் அறியாமலேயே பிழைக்கக்கூடியவர்களைத் தன் மருந்தின் பக்கம் சேர்த்துவிடுவார். அதனால் உறையிலிட்டு ஒட்டிய சீட்டு தீர்மானிக்கிறது. இரண்டு பக்கமும் எல்லா விதத்திலும் ஒன்று போலவே அமைந்துவிட்டால், பின்னால் வரும் வேறுபாடு மருந்தால் வந்தது என்று சொல்ல இடமிருக்கிறது.

இந்த முறை தெளிவாக வேர்கொண்டது காசநோயில்தான். பிரிட்டனில் 107 நோயாளிகள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசின். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும், அன்றுவரை இருந்த சிகிச்சை அதுதான். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 14 பேர். 1948 அக்டோபரில் இது அச்சில் வந்தது. அதே ஆண்டின் நடுவில் திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்துபோயிருந்தார். வயது 42. நெல்லைச் சீமையின் அந்த மகத்தான பேனாவுக்கும் அந்த அச்சுத்தாளுக்கும் நடுவே சில மாதங்கள்தான். அந்த மருந்தாலும் முழுக்க நிம்மதி வரவில்லை. கிருமி அதற்குப் பழகிக்கொண்டது, சில ஆண்டுகளில் இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கியது. தனி மருந்து போதாது, சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதும் தொடர்ந்து கேட்டதால்தான் தெரிந்தது.

இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் சின்னத் தாத்தாவுக்கும் அந்த நோய் வந்தது. சுதந்திரத்துக்கு முன்பு. வெள்ளைக்காரத் துரைகள் திருநெல்வேலி வெயிலுக்குத் தப்பிக் குற்றாலத்தில் வந்து தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்ட காலத்திலிருந்தே, இந்த மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்ற பேச்சு ஊறிப்போயிருந்தது. இலஞ்சியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அவரைக் கொண்டுபோய் வைத்தார்கள். பால், முட்டை, ஆட்டுக்கால் ரசம், நாள் முழுக்க மலையைப் பார்த்த திண்ணையில் கட்டில். அதற்காகத் தாத்தா இரண்டு கோட்டை விதைப்பாடு வயலை விற்றார். வீட்டில் மற்றவர்களுக்குச் சோறு ஒரு வேளையாகக் குறைந்தது, இரவில் கஞ்சி. எட்டு மாதம் இருந்தார். எட்டாவது மாதம் முடியும்போது போய்விட்டார்.

ஆச்சி எண்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஒரு வருசம் முந்தியே அந்தக் காத்துக்குக் கொண்டுபோயிருந்தா மனுசன் பிழைச்சிருப்பாரு. நாங்கதான் பணத்தைப் பாத்துட்டோம்.” அறுபது ஆண்டு அவள் நெஞ்சில் கிடந்த கல் அது.

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து தொடங்கிய அதுதான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் அதை நடத்தினார். அவர்கள் முன் இருந்த கேள்வி நேரடியானது. நாட்டில் நோயாளிகள் லட்சம் லட்சமாக. தாம்பரம், மதனப்பள்ளி போன்ற சானடோரியங்களில் படுக்கைகளோ மிகக் குறைவு. ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு இவை இல்லாமல் குடிசையில் இருந்தபடியே மாத்திரை மட்டும் சாப்பிட்டால் ஏழை பிழைப்பானா?

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். சீட்டு விழுந்தபடி ஒரு பாதி சானடோரியத்துக்கு, ஒரு பாதி வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான ஒற்றை அறைகளில், அரைகுறைச் சாப்பாட்டில், பலர் வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிட்டார்கள். சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அந்த ஓராண்டு முடிவு 1959இல் வெளியானபோது, உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. மலைக்காற்றுக்கு விலை கொடுக்க முடியாத கோடிக்கணக்கானவர்களுக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது.

அந்தத் தாளைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆச்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் குற்றவாளியே அல்ல. ஓராண்டு முன்னால் கொண்டுபோயிருந்தாலும், பத்து வயலை விற்றிருந்தாலும், மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் குற்றாலக் காற்று மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல இடமில்லை. பிழைக்க வைத்தது மருந்து என்று நிரூபித்துக் காட்டியவர்கள், விற்க வயல் இல்லாத, பணம் இல்லாத சென்னைக் குடிசைவாசிகள். நிரூபிக்கப்படாத ஒரு நம்பிக்கை பணத்தோடு நிற்பதில்லை. சாவுக்குப் பிறகும் வீட்டில் தங்கி, மிஞ்சியிருப்பவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கேட்டால் நமக்குப் பிடித்த பதிலே வரும் என்பது இல்லை. செங்கல்பட்டில் 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசிக்கு ஒரு பெரிய சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். சீட்டு விழுந்தபடி சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லா ஊசி. பதினைந்து ஆண்டு வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அத்தனை ஆண்டு உழைத்தவர்களுக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் போட்டார்கள். கைக்குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது காக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். எது எவருக்குக் கேட்கும், எது எவருக்குக் கேட்காது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது அந்த நேர்மையால்தான்.

இப்படி உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆய்வுகளை ஒன்றுவிடாமல் தேடித் திரட்டி, நல்லதையும் பழுதையும் தரம்பிரித்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்வது தனி வேலை. எங்கள் பக்கத்து நெல் வியாபாரி மேலே கிடக்கும் நெல்லைப் பார்த்து விலை சொல்ல மாட்டார். குத்தூசியை மூட்டையின் நடுவிலும் அடியிலும் விட்டு எடுத்து, உள்ளங்கையில் கொட்டிப் பதர் எவ்வளவு என்று ஊதிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயரால் 1993இல் உருவான காக்ரேன் அமைப்பு செய்வது அந்தக் குத்தூசி வேலை. நம் வேலூர் சி.எம்.சி.யில் அதன் தெற்காசிய மையம் மனநல மருத்துவர் பிரதாப் தரியன் தலைமையில் வளர்ந்தது. அந்த நூலகத்தை 2007இல் இந்தியர் எல்லோரும் கட்டணமில்லாமல் படிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் வழிசெய்தது.

இப்படித் தரம்பிரித்தவர்கள் கண்டது திகைக்க வைக்கும். பிரிட்டனில் ‘கிளினிக்கல் எவிடன்ஸ்’ என்ற தொகுப்பு, வழக்கத்தில் உள்ள ஏறத்தாழ 3,000 சிகிச்சைகளை எடுத்துப் பார்த்தது. உறுதியாகப் பயன் தரும் என்று சொல்ல முடிந்தவை 11 சதவீதம். பாதிக்குப் பாதி, பயன் உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய சான்று இல்லாதவை. டாக்டர்கள் எழுதும் சீட்டில் பாதி வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. எந்தச் சிகிச்சை எவ்வளவு எழுதப்படுகிறது என்பதை அந்தத் தொகுப்பு எண்ணவில்லை. ஆனால் நாம் எவ்வளவு பெரிய இருட்டில் சிறு விளக்கோடு நடக்கிறோம் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது. இதில் சித்த மருத்துவம், அலோபதி என்ற பிரிவினை செல்லாது. பச்சிலையிடம் கேட்கும் அதே கேள்வியைப் பளபளக்கும் பட்டையில் வரும் மாத்திரையிடமும் கேட்டாக வேண்டும்.

போன மழைக்காலத்தில் தென்காசியில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, மடியில் மூக்கொழுகும் மூன்று வயதுப் பேரன். “ஒரு ஊசி போட்டுவிடுங்கய்யா, அப்பத்தான் கேக்கும்” என்றாள். இளம் டாக்டர் குழந்தையின் நெஞ்சில் நெடுநேரம் குழாய் வைத்துக் கேட்டார். மூச்சை எண்ணினார். “வெறும் சளிதாம்மா. வைரசால வாரது. ஊசியும் கேக்காது, ஆன்டிபயாடிக்கும் கேக்காது. அஞ்சாறு நாள்ல தானாப் போயிரும். மூச்சு வேகமா வாங்குனாலோ, பால் குடிக்கலைன்னாலோ ராத்திரின்னாலும் தூக்கிட்டு வந்திருங்க” என்றார். அந்த அம்மா வெறுங்கையோடு எழுந்து போனாள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அடுத்த தெருவில் ஊசி போடும் இடத்துக்குப் போனாளோ என்னவோ. ஆனால், ஊசி போட்டுக் காசு வாங்குவது எளிது, போட வேண்டாம் என்று காரணம் சொல்வது கடினம் என்று அறிந்தும் அந்தக் கடினத்தைத் தேர்ந்த அந்த இளைஞரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சின்னத் தாத்தாவின் கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் போன மூன்றாம் ஆண்டு சின்ன ஆச்சியும் அதே இருமலில் போனாள். அவருக்குப் பாலும் முட்டையும் வாங்கப் பட்டினி கிடந்தவள் அவள்தான்.

சென்னை ஆய்வு, மருந்து சாப்பிடுபவர் குணமாகச் சத்தான சாப்பாட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றது. அதோடு சோற்றுக் கேள்வியை மூடிவிடலாம் என்று பலர் இருந்தார்கள். மருத்துவர் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் சென்னைக் காசநோய் நிறுவனத்தாரோடு சேர்ந்து அதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டார்கள். ஜார்க்கண்டின் ஏழை மாவட்டங்களில், காசநோயாளிகள் வீட்டில் இருக்கும் 10,000க்கும் மேற்பட்ட உறவினர்கள். ஒரு பகுதியில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பை. இன்னொரு பகுதியில் நோயாளியோடு வீட்டில் உள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. 2023இல் முடிவு வந்தது. வீட்டாருக்கும் சோறு போட்ட இடத்தில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. தொடக்கத்திலேயே எடை கூடிய நோயாளிகள் இறப்பதும் குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்த உடனே எடை, மூச்சு, நிற்கும் தெம்பு மூன்றையும் பார்த்து, மோசமாக இருப்பவரை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். ஒருத்தி கதையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று இவ்வளவு நேரம் சொன்னவன் நான். சின்ன ஆச்சி வயிறாரச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளைப் போல அடுப்படியில் கஞ்சியோடு நின்ற பெண்களில் பலர் பிழைத்திருப்பார்கள் என்று இன்று சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடிவதற்கு ஒரு நாடு எழுபது ஆண்டு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

தமிழில் ‘கேட்டல்’ என்ற சொல்லுக்குக் காதால் வாங்குவது என்றும் பொருள், வினவுவது என்றும் பொருள், கட்டுப்படுவது என்றும் பொருள். மூன்றும் ஒரு சொல்லில் வந்து சேர்ந்தது தற்செயல் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. நாம் நோயாளி சொல்வதைக் காதால் கேட்க வேண்டும், திரும்பி வராதவர்களையும் சேர்த்து. மருந்தைப் பார்த்து வாயால் கேட்க வேண்டும், அது நம் பாட்டன் மருந்தானாலும், நேற்று வந்த மருந்தானாலும். இந்த இரண்டு கேட்டலும் நடந்த இடத்தில்தான் நோய் மருந்துக்குக் கேட்கிறது.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. எனக்கு எந்தச் சீட்டு விழுந்தாலும் சரி என்று உடம்பைக் கொடுத்த 193 பேர், கை நீட்டிய இரண்டரை லட்சம் செங்கல்பட்டுக்காரர்கள், எடைத்தட்டில் ஏறி நின்ற ஜார்க்கண்டின் கூலிக் குடும்பங்கள். காய்ச்சலில் நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் இப்படி முகமறியாத ஒருவர் நமக்கு முன்பே நின்று, நம் கேள்விக்குத் தம் உடம்பால் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர்களுக்குப் பட்ட கடனைக் காசால் அடைக்க முடியாது. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் அடுத்தவரிடம் சொல்லித்தான் அடைக்க முடியும்.

இந்த ஆண்டும் சாரலுக்குக் குற்றாலம் போயிருந்தேன். எண்ணெய் தேய்க்கும் பெரியவர் இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். திரும்பும்போது இலஞ்சியில் இறங்கி, மலையைப் பார்த்த ஒரு திண்ணையின் ஓரம் கொஞ்ச நேரம் நின்றேன். காற்று முகத்தில் ஈரமாக அடித்தது. நல்ல காற்று.

“ஆச்சி, காத்து அப்பவும் இப்படித்தான் இருந்திருக்கும். அதுல குத்தம் இல்ல. உங்கமேலயும் இல்ல” என்று சொன்னேன்.